கூர்மை கூடிய லென்ஸ்

மக்கீன் லென்ஸ் மூன்றையும் கண்ணாடி மேசைமேல் நிறுத்தி வைத்தார். கண்டி யட்டிநுவர வீதியில், ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கும் கடை அவருடையது. பழைய கமரா வாங்குவார், விற்பார், பூஞ்சணம் துடைத்துக் கொடுப்பார். கண்டி மழைக்கு லென்ஸுக்குள்ளும் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் அவருக்குத் தொழிலில் குறைவில்லை.

முதலாவது பெரிய சூம் லென்ஸ். லென்ஸ் வாங்க வந்த சுகிர்தா கையில் எடுத்துப் பார்த்தாள். செங்கல் கனம். அதன் விலைக்குப் பாவித்த மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கிவிடலாம். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஹந்தானை மலை ஏற்றம் ஏறினால் படம் எடுக்கக் கையில் தெம்பிருக்காது. அவளே அதை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

இரண்டாவது ஐம்பது மில்லிமீட்டர். புதியது, முழுக்கப் பிளாஸ்டிக், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மங்கல் வெளிச்சத்திலும் பிடிக்கும். நடுவில் கூர்மை நன்றாக இருக்கும், ஓரங்கள் கொஞ்சம் கரையும். குண்டசாலையில் ஓர் அரசாங்கக் காரியாலயத்தில் அவள் வாங்கும் சம்பளத்துக்கு வலிக்கிற விலைதான், ஆனால் தாங்கலாம்.

மூன்றாவது எண்பத்தைந்து. பழைய உலோக லென்ஸ், கையால் திருகித்தான் குவியம் பார்க்க வேண்டும். முஷ்டியளவு இருந்துகொண்டு ஆற்றுக்கல் போலக் கனத்தது. விலை பிளாஸ்டிக்கில் பாதிகூட இல்லை.

ஏன் இவ்வளவு மலிவு என்று சுகிர்தா முகத்துக்கு நேரே கேட்டாள். சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வராது. மக்கீன் டோர்ச் அடித்து உள்ளே காட்டினார். பூஞ்சணம் ஒரு பொட்டுமில்லை. மூடிப்போன ஸ்டூடியோ ஒன்றின் சாமான் என்றார். முதலாளி மௌத்தாகி, அடக்கமும் முடிந்த பிறகு மகள் ஒரு பையில் போட்டுக்கொண்டுவந்து கொடுத்தாளாம். ஹந்தானைப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் கடைசிவரைக்கும் அவர்தான் படம் பிடித்தாராம். லென்ஸை இரண்டு பேர் வாங்கிப் போய்த் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்களாம்.

"ஏன், ஷார்ப் குறைவா, காணாதா?"

"அப்பிடி இல்ல மகள். கூடிப் போச்சாம். ரெண்டு பேரும் அதத்தான் சென்னாங்க. எனக்கும் வெளங்கல்ல."

சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்தது. கூர்மை கூடிப்போனது என்று லென்ஸைத் திருப்பிக் கொடுக்கிறவன் எப்படிப்பட்ட படப்பிடிப்பாளன்? திங்கட்கிழமை வரை இரண்டையும் வைத்துப் பார்க்கிறேன் என்று கேட்டாள். மக்கீன் தலையாட்டினார். பொறுப்புக்கு அவளுடைய அடையாள அட்டையை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுக்கொண்டார்.

அவளுக்கு வேண்டியது மலையும் இல்லை, மயிலும் இல்லை, வாவியில் விழும் சூரியனும் இல்லை. அம்மாவின் ஒரு படம். அவ்வளவுதான்.

அதற்கு ஏன் இவ்வளவு ஆவேசம் என்று கேட்டால், தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவளுடைய வீட்டுக்குள் வந்து அவளுடைய அப்பாவைப் பார்க்க வேண்டும். ராஜரத்தினம் சுவரில் தொங்குகிறார். கறுப்புக் கோட்டு, வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்பு டை. தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டின மனுசன். உயிரோடு இருந்தவரைக்கும் டை என்ற ஒன்றைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அவர் செத்தபோது வீட்டில் இருந்த ஒரே படம் அடையாள அட்டையில் இருந்ததுதான். அதைத் தோட்டங்களுக்கெல்லாம் படம் பிடித்த அந்த ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனார்கள். தலையை மட்டும் வெட்டி, தயாராக வைத்திருந்த கோட்டுக்குமேல் ஒட்டிக் கொடுத்தார்கள். அதே கோட்டு, அதே டை, அந்த லயத்தில் செத்துப்போன ஆம்பிளைகள் எல்லாருக்கும். பொம்பிளைகளுக்கு அரக்குப் பட்டும் தடித்த சங்கிலியும். வீட்டுக்கு வீடு தலை மட்டும்தான் வேறு.

பல்கலைக்கழகத்தில் கூடப் படித்த ஒருத்தி ஒருமுறை வீட்டுக்கு வந்தாள். சுவரைப் பார்த்துவிட்டு, அப்பா லோயரா என்று கேட்டாள். அந்தக் கேள்வி சுகிர்தாவின் நெஞ்சில் இன்னும் முள்ளாகக் கிடக்கிறது. கோட்டுக்குப் பக்கத்தில் அவளுடைய பட்டமளிப்புப் படமும் தொங்குகிறது. அந்தக் கறுப்பு அங்கியும் வாடகைதான். ஆனால் அதை அவளாகப் போட்டுக்கொண்டாள். அப்பாவுக்கோ வேண்டாம் என்று சொல்ல வாயில்லாத நேரத்தில் மாட்டிவிட்டார்கள்.

அம்மா பேச்சியம்மாவின் படமும் அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. கமராவை எடுத்தாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். தனியாகப் படம் எடுப்பது தொங்கவிடுவதற்குத்தான் என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. "நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்பாள். அவளுக்கு மூச்சு வாங்குவது போன மழைக்குப் பிறகு கூடியிருந்தது. மலையேறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். தன் அம்மா அந்த அரக்குப் பட்டுக்குள் போவதைச் சுகிர்தாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் மலையில் மப்பு மூட்டம் இறங்கியிருந்தது. லென்ஸைச் சோதிக்க அசையாத, தட்டையான பொருள் வேண்டும். அப்பாவின் படம் அதற்குத் தோதாக இருந்தது. டையின் புள்ளிகளை எண்ணிப் பார்த்தால் எந்த லென்ஸ் கூர்மை என்று தெரிந்துவிடும்.

ஐம்பதை மாட்டி, லயத்தின் ஒற்றையறைக் காம்பராவுக்குள் நின்றே எடுத்தாள். புள்ளிகள் சுத்தமாக விழுந்தன. சட்டத்தின் மூலைகள் கொஞ்சம் இளகியிருந்தன. எண்பத்தைந்துக்குக் காம்பரா போதவில்லை, முதுகு எதிர்ச்சுவரில் முட்டியது. முன்வாசல் இஸ்தோப்புக்கு வந்து, திறந்த கதவுக்கூடாக எடுத்தாள். திரையில் பெரிதாக்கி டையைத் தேடினாள்.

டை இல்லை.

கட்டம் போட்ட சட்டை இருந்தது. காலர் நைந்திருந்தது. மேல் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஊக்கு. ஊக்கின் கம்பியில் துரு ஏறியிருந்ததுகூடத் தெரிந்தது.

தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். கோட்டு. மறுபடி எடுத்தாள். ஊக்கு. அறிவியல் படித்த மூளை பிரதிபலிப்பு, பழுதான மெமரி காட் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து, பிறகு வாயை மூடிக்கொண்டது.

பேச்சியம்மா பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுக் களைத்து வந்தாள். அப்பா அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கும்போது என்ன போட்டிருந்தார் என்று சுகிர்தா சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள். கட்டம் போட்ட சட்டை என்றாள் அம்மா. மேல் பொத்தான் வழியில் அறுந்து விழுந்துவிட்டதாம். அம்மாதான் தன் இரவிக்கை ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டாளாம். படம் பிடித்தவன், ஊக்கு தெரியாது, சும்மா இரு என்று சொன்னானாம்.

சுகிர்தா கமராவை அவளிடம் நீட்டினாள். பேச்சியம்மா அதைச் சன்னலோரம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள். கொழுந்துக் கறை ஏறிய விரலால் திரையில் ஊக்கைத் தொட்டாள்.

"மனுசன் மனுசனாட்டம் இருக்காரு," என்றாள்.

அடுத்த காம்பராவில் ஜெயராஜ் இருக்கிறார். அவருடைய மனைவி பரிமளம் போன வருசம் போய்ச் சேர்ந்தவள், அரக்குப் பட்டில் தொங்குகிறாள். லென்ஸைச் சோதிக்கிறேன் என்று சொல்லிச் சுகிர்தா அங்கேயும் எடுத்தாள். திரையில் பரிமளம் மஞ்சள் நைலெக்ஸ் சேலையில் இருந்தாள், தோளில் ஒரு தையல் போட்ட கிழிசலோடு. ஜெயராஜ் எட்டிப் பார்த்தார்.

"இந்தச் சேலையக் கட்டித்தானே பொட்டியில வச்சோம்," என்றார். பிறகு, "எனக்கு ஒரு கொப்பி போட்டுக் குடுங்க பிள்ள," என்றார்.

பயம் இருந்தது. ஆனால் அதைவிட ஒரு வெறி இருந்தது. ஸ்டூடியோக்காரன் பறித்ததை அவனுடைய லென்ஸே திருப்பிக் கொடுக்கிறது. லயம் முழுக்க எடுத்துக் கொடுக்கலாம். எல்லாருக்கும் அவரவர் சட்டை, அவரவர் சேலை. ஐம்பதை மக்கீனிடமே கொடுத்துவிட வேண்டியதுதான் என்று அப்போதே முடிவெடுத்தாள்.

பேச்சியம்மாவும் ஒரு முடிவெடுத்திருந்தாள். சோறு போடும்போது, நாளைக்கு என்னையும் எடு என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மப்பு விலகி நல்ல வெளிச்சம் வந்தது. அம்மா முழுகி, தன் நீல வொயில் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தாள். அவளாகத் தெல்தெனியக் கடையில் பேரம் பேசி வாங்கிய சேலை. சுகிர்தா முற்றத்துக்கு இறங்கி எண்பத்தைந்தைத் திருகினாள். இமைமயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. பொத்தானை அமர்த்தினாள்.

திரையில் அம்மாவின் முகம் இருந்தது. அவ்வளவு துல்லியமாக அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. முகத்துக்குக் கீழே அரக்குப் பட்டு. தடித்த சங்கிலி.

சுகிர்தா நிமிர்ந்தாள். நீலச் சேலை வாசலில் காற்றுக்கு அசைந்துகொண்டிருந்தது.

செத்தவர்களுக்கு இருந்ததைக் காட்டுகிற லென்ஸ், இருப்பவர்களுக்கு வரப்போவதைக் காட்டுகிறது. அதை விளங்கிக்கொள்ள அவளுக்கு நேரம் எடுக்கவில்லை. முதலில் வந்தது கோபம்தான். முடியாது என்று பல்லைக் கடித்தாள். இப்போதே, இந்த நிமிடமே அம்மாவின் படம் ஒன்று அம்மாவுடைய சேலையில் இருந்துவிட்டால், பிறகு எவன் வந்து பட்டை ஒட்டுவான்?

வெளிச்சம் சரியில்லை, லென்ஸை மாற்றுகிறேன் என்றாள். பிளாஸ்டிக் ஐம்பதை எடுத்து மாட்டினாள். பேச்சியம்மா அதைக் கண்டதும் கண்ணைச் சுருக்கினாள்.

"இத்துணூண்டா? இதுக்கா ஒன் சம்பளத்தக் குடுக்கப் போற? வெத்தலச் சுண்ணாம்பு டப்பாவாட்டம் இருக்கு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். முன்பல் விழுந்த இடம் தெரிய, தோள் குலுங்க. சுகிர்தா அமர்த்தினாள். சாதாரணப் படம். ஓரத்தில் கதவு நிலை கரைந்திருந்தது. நீலச் சேலை நீலச் சேலையாகவே இருந்தது. அம்மா அம்மாவாகவே இருந்தாள். போதும்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பட்டு போய்விட்டதா என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை. எண்பத்தைந்தை மறுபடி மாட்டினாள். அம்மா அப்போது சிரித்து ஓய்ந்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

படத்தில் அம்மா சிரித்தாள்.

பட்டு போயிருந்தது. நீலச் சேலை, விழுந்த பல், குலுங்கிய தோள், கரைந்த கதவு நிலை, எல்லாம் சற்றுமுன் ஐம்பதில் எடுத்த அதே படம். அதைச் சுற்றி ஒரு மரச்சட்டம். அம்மாவின் நெற்றியில் சந்தனப் பொட்டு. பொட்டு தோலில் இல்லை, தோலுக்குமேலே கண்ணாடியில் இருந்தது.

அவள் வென்றுவிட்டாள். அம்மா அம்மாவாகவே தொங்கப் போகிறாள், இந்தச் சிரிப்போடு. ஆனால் எப்போது?

படத்துக்குள் இருந்த அந்தச் சட்டத்தின் கண்ணாடியில் வெளிச்சம் பட்டு வாசல் பிரதிபலித்திருந்தது. வாசலில் ஒருத்தி நின்றாள். கையில் கமரா இல்லை. அது தான்தான் என்று நிற்கிற விதத்திலேயே சுகிர்தாவுக்குத் தெரிந்தது. அந்த உருவத்தின் தலைமுடியைப் பார்த்தால் போதும். நரைத்திருந்தால் இன்னும் காலம் கிடக்கிறது. கறுப்பாக இருந்தால்... பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். ஊக்கின் துருவைக் காட்டிய லென்ஸ், தலை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறச் சதுரங்களை மட்டும் காட்டியது. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை.

"என்னா, நல்லா இல்லையா?" என்று வாசலிலிருந்து அம்மா கேட்டாள்.

திங்கட்கிழமை மக்கீனின் மேசைமேல் எண்பத்தைந்தை வைத்தாள். ஐம்பதுக்குப் பணத்தைக் கொடுத்து, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டாள். மக்கீன் பழைய லென்ஸைக் கையில் உருட்டிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கும் கூடிப் போச்சா மகள்?"

"இல்ல," என்றாள் சுகிர்தா. "காணாது."

அப்பாவின் ஊக்குச் சட்டை இப்போது சுவரில் இருக்கிறது. கோட்டுப் படம் அலுமாரிக்குமேல் குப்புறக் கிடக்கிறது. ஜெயராஜுக்குக் கொப்பி போட்டுக் கொடுத்தாள். அம்மாவின் சிரித்த படத்தை மட்டும் அவள் இன்னும் அச்சடிக்கவில்லை. அதுதானே நல்லா இருந்தது, அதையே பெரிசாப் போடு என்று பேச்சியம்மா நச்சரிக்கிறாள். அதைவிட நல்லதாக ஒன்று எடுக்க வேண்டும் என்று சுகிர்தா சொல்லி வைத்திருக்கிறாள். நீல வொயில் சேலையை மடித்து அலுமாரியின் அடித்தட்டில், தன் புத்தகங்களுக்குக் கீழே வைத்திருக்கிறாள்.

ஞாயிறு தவறாமல் அம்மாவை வாசலில் உட்காரவைத்து, அந்தச் சுண்ணாம்பு டப்பாவால் எடுக்கிறாள். புதுப்படம் வந்துகொண்டே இருந்தால் பழையது கடைசிப் படம் ஆகாது என்பது அவளுடைய கணக்கு. பேச்சியம்மாவுக்குக் கமராவின் பயம் விட்டுப்போய்விட்டது. பச்சைச் சேலையில், பூப்போட்ட சேலையில், வேலைக்கு இடுப்பில் கட்டும் சாக்கோடு என்று விதவிதமாக உட்காருகிறாள். டப்பாவைக் கண்டதும் அவளுக்கு அந்தப் பழைய பகிடி ஞாபகம் வந்துவிடும். உதடு விரியத் தொடங்கும், தோள் குலுங்கத் தயாராகும், மரச்சட்டத்துக்குள் கண்ட அதே சிரிப்பு.

சுகிர்தா பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுவாள்.

"சிரிக்காதம்மா," என்பாள்.