பெரிய மேளத்துக்குப் பின்னால்

நீலாஞ்சனாவுக்குக் கிளாரினெட் கிடைத்தது ஒரு சோற்றுப் பருக்கையின் உதவியால்தான்.

அறுபத்துமூன்றாம் வருஷம், செஞ்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்திவந்த பெண்கள் பள்ளிக்கு எந்த ஊரிலிருந்தோ ஒரு புண்ணியவான் இரண்டு கிளாரினெட்டுகளை அனுப்பிவைத்தார். பாட்டு வாத்தியார் அமிர்தசாமிக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளியில் ஏற்கெனவே நாலு வயலின், ஒரு ஆர்மோனியம், ஒரு மிருதங்கம், தேர்த் திருவிழாவுக்கு அடிக்கிற பெரிய மேளம் ஒன்று இருந்தன. இவ்வளவையும் சேர்த்து அவர் 'ஆர்க்கெஸ்ட்ரா' என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் நம்பவில்லை. இனிமேல் நம்பித்தானே ஆகவேண்டும்?

ஊதுவதற்கு நல்ல மூச்சு உள்ள பெண்கள் வேண்டும். ஒன்பதாம் வகுப்பு முழுவதையும் சுவரோரம் நிறுத்தி, ஆளுக்கு ஒரு காகிதத் துண்டைக் கொடுத்தார். கையால் தொடாமல், வாயால் ஊதியே அதைச் சுவரில் ஒட்டவைத்திருக்க வேண்டும். யாருடைய காகிதம் கடைசியில் விழுகிறதோ அவள் தேர்வு. மதியச் சாப்பாட்டுத் தூக்கிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிக் காகிதத்தின் பின்னால் தடவிக்கொண்டு வந்து நின்றாள் நீலாஞ்சனா. கன்னத்தை உப்பி, கண்ணை உருட்டி, ஊதுவதுபோல் நின்றாள். எல்லார் காகிதமும் விழுந்த பிறகும் அவளுடையது அசையவில்லை. இது நெஞ்சா, கொல்லன் துருத்தியா என்று அமிர்தசாமி வாய்விட்டு அதிசயப்பட்டார். அவர் திரும்புவதற்குள் காகிதத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அவளுக்கு அடுத்தபடியாக, நேர்மையாகவே ஊதி ஜெயித்தவள் அருளம்மாள். அனந்தபுரத்து விவசாயக் குடும்பம். பள்ளி விடுதியில் தங்கிப் படிப்பவள். பொய் என்பது அவளுக்குத் தொண்டையிலேயே சிக்கிக்கொள்ளும். இந்த இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது பள்ளி செய்த பெரிய பிழை.

நீலாஞ்சனாவின் நைனா சீதளநாத நயினாருக்குக் கடைத்தெருவில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மண்டி. மகள் குழல் ஊதப் போகிறாள் என்று கேட்டதும் அவர் கணக்கு நோட்டை மூடிவைத்தார். சித்தாமூர்ப் பக்கம் ஒரு நல்ல இடத்தில் மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த சமயம். சின்னவள் நாலு ஆம்பிளைகள் எதிரில் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றாள் என்று காதில் விழுந்தால் என்ன நினைப்பார்களோ என்று கவலை. ஆனாலும் மகளின் முகத்தைப் பார்த்து மனசு இளகிவிட்டது.

"ஊதிக்கோ. பள்ளிக்கூடத்துல சொல்லித்தர்றத நான் வேணாம்னு சொல்லல. ஆனா மேடையில முன்னால வந்து நிக்கக் கூடாது. பின்னால, தலை தெரியாம ஒக்காந்துக்கணும்" என்றார்.

இதை அவரே பள்ளிக்கு வந்து சொல்லிவிட்டும் போனார். அதனால் அமிர்தசாமி, முன்னால் நின்று வாசிக்கிற முதல் பகுதியை அருளம்மாளுக்கும், பின்னால் உட்கார்ந்து துணைக்கு ஊதுகிற இரண்டாம் பகுதியை நீலாஞ்சனாவுக்கும் கொடுத்தார். உட்கார இடம், பெரிய மேளத்துக்குப் பின்னால். அந்த மேளத்துக்குப் பின்னால் ஒரு கன்றுக்குட்டியையே கட்டிவைக்கலாம்.

பள்ளி ஆண்டு விழாவுக்காக வாத்தியார் தாமே ஒரு பாட்டு அமைத்திருந்தார். கோயில் பாட்டும் நடவுப் பாட்டும் கலந்த மாதிரி இருக்கும். நடுவில் எல்லா வாத்தியமும் நின்றுவிட, கிளாரினெட் மட்டும் தனியாக அடியிலிருந்து கிளம்பி, படிப்படியாக ஏறி, உச்சிக்குப் போய்த் திரும்பும். இரண்டாம் கிளாரினெட்டுக்கு அந்த இடத்தில் வேலையே இல்லை. மற்ற இடங்களிலும் ஒரே சுரத்தைப் பிடித்து, மாடு கத்துவதுபோல் இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு வாரத்தில் நீலாஞ்சனாவுக்குச் சலித்துவிட்டது. மண்டியின் பின்கட்டில், மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, அருளம்மாளின் பகுதியைத் தானாகவே எடுத்துப் பழகினாள்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று புரிந்தது. காகிதத்தைப் பருக்கையால் ஒட்டிவிடலாம். இந்தக் குழலிடம் அது நடக்காது. வாய்ப்பக்கத்து நாணல் பட்டையான ரீடை நாக்கால் நனைத்து, உதட்டை இறுக்கி, வயிற்றிலிருந்து ஊதினால்தான் சத்தமே வரும். உச்ச சுரத்துக்கு இடது கட்டைவிரலால் பின்பக்கத்து விசையை அழுத்த வேண்டும். அந்த நேரம் உதடு துளி தளர்ந்தால் எண்ணெய் காணாத கதவு போலக் 'கீச்' என்று கத்திவிடும். உதடு தடித்துப்போய், சாப்பாட்டில் உப்பு பட்டாலே எரிந்தது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற சமண வீடு. அம்மா கூப்பிடக் கூப்பிட இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று ஊதிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அந்த உச்ச சுரம் கீச்சிடாமல், பிசிறில்லாமல் வந்து நின்றது. மூட்டை தைத்துக்கொண்டிருந்த வீராசாமி ஊசியை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அருளம்மாளுக்கோ அது வரவே இல்லை. ஒவ்வொரு ஒத்திகையிலும் மேலே போகும்போது கீச். அமிர்தசாமி பொறுமையானவர். திட்டவில்லை. அந்தோனியாரிடம் வேண்டிக்கொள் என்று சொல்லிவிட்டு, தாமும் செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அருளம்மாள் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாள். அழுகையைப் பார்த்ததும் நீலாஞ்சனாவுக்கு யோசனை வந்துவிட்டது.

"நீ முன்னால நின்னுக்கினு சும்மா வெரல ஆட்டு. நான் பின்னால இருந்து ஊதுறேன்."

"அது பொய்யில்லியாடி?"

"யாருனா கேட்டு நீ பதில் சொன்னாத்தான பொய்? ஒருத்தரும் கேக்கலன்னா இன்னா?"

அருளம்மாள் ஞானோபதேசத்தை முதலிலிருந்து கடைசிவரை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கிளாரினெட்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. சரி என்றாள்.

பாட்டு அறை சின்னது, தகரக் கூரை. அங்கே எங்கே ஊதினாலும் நாலு பக்கமும் முட்டிக்கொண்டுதான் கேட்கும். அடுத்த ஒத்திகையில் தனிப்பகுதி வந்தது. அருளம்மாள் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஆட்ட, மேளத்துக்குப் பின்னால் குனிந்து நீலாஞ்சனா ஊத, உச்ச சுரம் தேனாக இறங்கியது. அமிர்தசாமி ஆர்மோனியத்திலிருந்து எழுந்து சிலுவை போட்டுக்கொண்டார். கோயில் பக்கம் ஓடினார். அன்று சாயங்காலத்துக்குள் அந்தோனியார் செய்த அற்புதம் பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. கணக்கு வராத பெண்கள் இரண்டு பேர் அவருக்கே மெழுகுவர்த்தி ஏற்றக் கிளம்பினார்கள்.

வினை அதோடு நிற்கவில்லை. இவ்வளவு திறமையை வீணாக்கலாமா என்று வாத்தியார் தனிப்பகுதியை இரண்டு மடங்கு நீட்டினார். புதிதாகச் சேர்த்தது முன்னதைவிட உயரம், வேகமும் கூட. அருளம்மாள் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டாள். நீலாஞ்சனா மண்டியின் பின்கட்டுக்கு ஓடினாள். அவள் எதையும் அத்தனை பாடுபட்டுப் படித்ததில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே தூக்கினார்கள். முன்கட்டில் கல்லாவில் உட்கார்ந்திருந்த நயினாரின் விரல்கூட மேஜையில் தாளம் போட்டது, அவர் கவனிக்கவில்லை.

சனிக்கிழமைதோறும் அருளம்மாளுக்கு ஒரு சங்கடம். கோயில் சாமியாரிடம் செய்த பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டிய நாள். இதைச் சாமியாரிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்பாள். இப்போது சொன்னால் ஒரு பாதிதான் சொன்னதாகும், விழா முடிந்ததும் மொத்தமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நீலாஞ்சனா அவளைத் தடுத்துவைத்தாள்.

விழா நாள் வந்தது. பள்ளி மைதானத்தில் பந்தல், மேடை, மைக்செட். நாலரை மணிக்கே ராஜகிரிக் கோட்டை மலையின் நிழல் மைதானத்தில் பாதியை மூடிவிட்டது. கல்வி அதிகாரி ஒருவர் தலைமை. ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு முன்வரிசை நாற்காலி. வரமாட்டேன் என்று சொல்லியிருந்த சீதளநாத நயினார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஜவுளிக்கடை பாண்டுரங்கன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். மேளத்தின் விளிம்பு வழியாக அவரைப் பார்த்ததும் நீலாஞ்சனா இன்னும் தாழக் குனிந்துகொண்டாள். ஆனாலும் உள்ளுக்குள் சிரிப்பு. இத்தனை பேரையும் ஏமாற்றப் போகிறோம்.

ஏமாற்றினார்கள். தனிப்பகுதி ஒரு பிசகில்லாமல் ஏறி இறங்கியது. முடிந்ததும் பந்தலே கை தட்டியது. அருளம்மாள் குனிந்து கும்பிட்டாள். மறுபடி தட்டினார்கள். நீலாஞ்சனா எதிர்பார்க்காத ஒன்று அப்போது நடந்தது: அவளுக்கு அழுகை வந்தது. தன் மூச்சு, தன் தடித்த உதடு, தன் இத்தனை நாள் பாடு. கும்பிடு போடுவது வேறொருத்தி. இந்த யோசனை தன்னுடையதுதான் என்பதும் அந்த நேரத்தில் ஆறுதலாக இல்லை.

அதிகாரி எழுந்து மைக்கைப் பிடித்தார். இந்த ஊரில் இப்படி ஒரு வாசிப்பைக் கேட்பேன் என்று நினைக்கவில்லை, அந்தப் பெண் மேடை ஓரத்துக்கு வந்து அந்தப் பகுதியை மட்டும் தனியாக இன்னொரு தடவை வாசிக்கட்டும் என்றார். யாரோ மைக்கைத் தூக்கி மேடை விளிம்பில் வைத்தார்கள். மற்றவர்கள் வாத்தியங்களைக் கீழே வைத்தார்கள். அருளம்மாள் பலியாடு மாதிரி நடந்து போனாள். போகும்போது ஒரு தடவை திரும்பி, மேளத்தைப் பார்த்தாள்.

ஊதாமல் விட்டுவிட்டால்? அந்த எண்ணம் நீலாஞ்சனாவுக்கு வராமல் இல்லை. வந்தது, ஒரு மூச்சு நேரம் இருந்தது. பிறகு குழலை வாயில் வைத்து ஊத ஆரம்பித்தாள்.

மைக்கில் ஒன்றும் விழவில்லை. பாட்டு எங்கோ பின்னாலிருந்து வந்தது. அதிகாரி காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாட்டு மேலே ஏறும் நேரம் பார்த்து ஒரு ஈ வந்து அருளம்மாளின் மூக்கில் உட்கார்ந்தது. அவள் பாவம், பழக்கத்தில் கையை எடுத்து அதை விரட்டினாள். குழல் வாயைவிட்டு விலகி அந்தரத்தில் ஆடியது. பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

முதலில் சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பந்தல் முழுவதும் சலசலப்பு. நீலாஞ்சனா சட்டென்று நிறுத்தினாள். ஆர்மோனியத்தின் முன்னால் அமிர்தசாமி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். தலைமைச் சகோதரியின் முகம் சிவந்து கறுத்தது. யார் ஊதியது என்று அதிகாரி கேட்டார். அருளம்மாள் குழலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பாண்டுரங்கன் நைனாவின் பக்கம் சாய்ந்து, அனந்தபுரத்துப் பெண் எப்படி ஊதுகிறது பாருங்கள், நம்மூர்ப் பெண்களும் இருக்கிறதுகளே என்று சொல்லியிருக்கிறார். இது நீலாஞ்சனாவுக்குப் பிறகுதான் தெரியும். அப்போது அவள் பார்த்தது, முன்வரிசையில் நைனா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்ததை மட்டும்தான்.

"அது எம்பொண்ணு ஊதுனது. ரெண்டு மாசமா மண்டியில கேட்டுக்கினு இருக்கேன், எனக்குத் தெரியாதா? அந்தப் பெரிய மேளத்துக்குப் பின்னால இருக்குது" என்றார். பிறகு குரல் இறங்கி, "நீலா, எழுந்து முன்னால வாம்மா" என்றார்.

அவள் எழுந்தாள். மைக் முன்னால் வந்து நின்று, நைனாவைப் பார்த்து, மூச்சை இழுத்து ஊதினாள். முதல் சுரம், 'கீச்'. மைக்கில் அது கோட்டைவரை கேட்டிருக்கும். பந்தல் குலுங்கிச் சிரித்தது; அருளம்மாளும் சிரித்துவிட்டாள். நீலாஞ்சனா ரீடை நாக்கால் ஒரு தடவை நனைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினாள். அடியிலிருந்து உச்சிவரை, நிறுத்தாமல், ஒளியாமல் ஊதினாள். சிரித்தவர்கள் அடங்கிக் கேட்டார்கள்.

தண்டனை இல்லாமல் இல்லை. ஒரு மாதம் இருவரும் பாட்டு அறையைக் கூட்டித் துடைக்க வேண்டும் என்றார் தலைமைச் சகோதரி. அமிர்தசாமி இரண்டு நாள் அவர்களோடு பேசவில்லை. இல்லாத அற்புதத்தைப் பரப்பியதற்காக அவர் அந்தோனியாரிடம் வேறு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. சித்தாமூர்ச் சம்பந்தம் நின்றுவிடவில்லை. கல்யாணத்தில் சின்னப் பெண் ஊதுவாளா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டனுப்பியதாகக் கேள்வி.

சனிக்கிழமை அருளம்மாள் எல்லாவற்றையும் மொத்தமாகச் சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தாள். வாசலில் காத்திருந்த நீலாஞ்சனா, என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"சிரிச்சாரு. அப்பறம், பரிகாரமா அந்த உச்ச சுரத்த நானே கத்துக்கணுமாம். கத்துக்குடுக்கிற பாரம் உன்னுதாம்."

அன்றிலிருந்து மண்டியின் பின்கட்டில் நாள் தவறாமல் கீச், கீச். மூட்டை தைக்கிற வீராசாமி காதில் பஞ்சை வைத்துக்கொண்டார். சரக்கு வாங்க வந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினால், அது தம் பெண் இல்லை என்று சீதளநாத நயினார் அவசரமாகச் சொல்லிவிடுவார். உள்ளே நீலாஞ்சனா, உதட்டை இறுக்கு, வயிற்றிலிருந்து ஊது என்று வாத்தியார் தோரணையில் அதட்டிக்கொண்டிருப்பாள். அருளம்மாள் தலையை ஆட்டுவாள். மறுபடியும் கீச்.