ரோதைமுனி கப்பல் ஏறினார்

சித்ராவுக்கு வந்தது சாமி இல்லை, கோபம். இதை அவள் சொல்லாத ஆளில்லை. அப்படிச் சொன்னவளைத்தான் கோயில் சாமான் அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள்.

நடந்தது இதுதான். புரோத்ராபூர் மாரியம்மன் கோயிலில் சனிக்கிழமை கரகம் சுற்றி வந்தது. விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், சாம்பிராணிப் புகைக்கு நடுவில், தப்பு அடிக்கிறவர்களை ஒட்டி நின்றிருந்தாள் சித்ரா. பக்கத்தில் நின்ற புருஷன் யோகராஜ் அந்த நேரம் பார்த்துத்தானா வாயைத் திறக்க வேண்டும்? "ஹேவ்லாக் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டேன் சித்ரா. அண்ணன் வேணாங்கிறாரு" என்றான், கடையில் பால் பாக்கெட் தீர்ந்துபோச்சு என்கிற மாதிரி.

ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. போர்ட் பிளேரில் ஓர் ஓட்டலின் சலவைக்கூடத்தில் வருஷக்கணக்காகப் படுக்கை விரிப்புகளோடு மாரடித்து, கையெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளிறி, இப்போதுதான் ரிசார்ட்டின் சலவை மெஷின்களுக்குச் சூப்பர்வைசர் என்று ஒரு பேர் வந்திருந்தது. தங்க அறையும் தருகிறார்கள். திங்கட்கிழமை வந்து நிற்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். யோகராஜ் முதலில் சரி என்றவன்தான். வாராவாரம் கப்பலில் வந்து பார்க்கிறேன் என்றுகூடச் சொன்னான். ஆனால் அவனுடைய அண்ணன் சந்திரசேகர் கோயில் கமிட்டித் தலைவர். அண்ணன் கண்ணை உருட்டினால் தம்பிக்குத் தொடை நடுங்கும்.

கேன்சல் என்ற சொல் காதில் விழுந்ததும் சித்ராவுக்கு உள்ளங்காலிலிருந்து நடுக்கம் ஏறியது. பல் கிட்டிக்கொண்டது. யோகராஜ் கையைப் பிடித்தான்; உதறினாள். கொண்டை அவிழ்ந்தது. "சோடோ! முஜே ஜானே தோ!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். விடு, என்னைப் போக விடு என்று அர்த்தம். போர்ட் பிளேர் பக்கம் சண்டை என்று வந்துவிட்டால் யார் வாயிலும் முதலில் இந்திதான் வரும்.

அவ்வளவுதான். தப்பு ஒரு நொடி நின்றது. அப்புறம் பேய்த்தனமாக முழங்க ஆரம்பித்தது. "சாமி வந்துருச்சு! பழனியாண்டி வீட்டுக்குச் சாமி திரும்பி வந்துருச்சு!" என்று ஆளாளுக்குக் கூவினார்கள். குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைத் தலையில் கொட்டினார்கள். பூசாரி பொன்னுத்துரை ஓடி வந்து மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக் காப்புக் கட்டிவிட்டார். காப்புக் கட்டியவர்கள் எல்லை தாண்டக் கூடாது. மற்ற ஊர்களில் எல்லை என்றால் ஒரு கல் இருக்கும், வேப்பமரம் இருக்கும். இங்கே எல்லை கடல்தான். ஆக, ஹேவ்லாக் போச்சு.

"அது என்னா, சாமி இந்தி பேசுது?" என்று கூட்டத்தில் ஒருவர் இழுத்தார்.

"இங்கன குடியிருக்கிற சாமி வேற என்னா பேசும்? பெங்காலிக்காரன் கடையில வெத்தல பாக்கு வாங்க வேணாமா?" என்று பொன்னுத்துரை அவர் வாயை அடைத்தார்.

அவர்கள் அவசரத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. இலங்கைத் தேயிலை மலையில் பிறந்து, கப்பலேற்றப்பட்டு, கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்து, சுனாமிக்குப் பிறகு எல்லாம் போய் இங்கே வந்து சேர்ந்த குடும்பங்கள் அவை. சித்ராவின் மாமனார் பழனியாண்டிதான் அத்தனை பேருக்கும் சாமியாடி. அவர் செத்த பிறகு திருவிழாக்கள் வந்தன, போயின. சாமி யார் மேலும் இறங்கவில்லை. பந்தலும் போட்டுச் சாப்பாடும் போட்டு மாப்பிள்ளை வராத கல்யாணம் மாதிரி இருந்தது அவர்களுக்கு.

சாமி இறங்கினால் மட்டும் போதாது. கூடத் துணைக்கு நிற்கிறது யார் என்று பேர் சொல்ல வேண்டும். பழனியாண்டிக்கு இரண்டு துணை. ஒருவர் கவ்வாத்துச்சாமி, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி காலில் இறங்காமல் காக்கிறவர். இன்னொருவர் முனியாண்டி. பேர் சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் செவ்வாய் வெள்ளி கோயிலில் உட்கார்ந்து குறி சொல்ல வேண்டும், கடல் தாண்டக் கூடாது. பேர் சொல்லாவிட்டால் வந்தது சாமியே இல்லை, பேய். பேய் ஓட்டப் பக்கத்து ஊர் சிப்பிகாட்டில் ஈஸ்வரன் என்று ஒருத்தர் இருக்கிறார், அவரிடம் அடிக்கப் புளிய மிளாறு இருக்கிறது. சொன்னாலும் மாட்டினாள், சொல்லாவிட்டாலும் மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியார் அங்கம்மா ஒரு சொம்பில் பால் கொண்டுவந்தாள். அறை முழுக்க அண்டாவும் மடக்கு நாற்காலியும் பழைய மாலைகளும். தகரக் கூரை அதற்குள் கொதிக்க ஆரம்பித்திருந்தது. சித்ராவின் போனைச் சந்திரசேகர் முந்தின நாளே வாங்கி வைத்துக்கொண்டார். சாமி ஏறியவளுக்குப் போன் எதற்காம்.

"பேரைச் சொல்லிரு தாயி" என்றாள் அங்கம்மா. "மத்தியானம் ஈஸ்வரனைக் கூட்டியாரேன்னு மூத்தவன் நிக்கிறான். அந்தாளு அடிச்சா தோலு உரிஞ்சிரும்."

"அத்தை, சத்தியமா எனக்குச் சாமி வரல. கோவம் வந்துச்சு. உங்க மகன் பண்ணின வேலைக்குக் கோவம்."

"எல்லாச் சாமியும் மொதல்ல கோவமாத்தான் வரும்."

"நாளைக்குக் காலையில நான் கப்பல்ல இருக்கணும் அத்தை. கதவைத் திறந்து விட்ருங்களேன்."

புருஷன் செத்ததிலிருந்து அங்கம்மாவுக்குப் பேச்சு பாதிதான். மருமகள் குடிக்கிற வரைக்கும் நின்று பார்த்தாள். சொம்பை வாங்கிக்கொண்டு போய், வெளியிலிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள். அந்தச் சத்தம் கேட்டதும் சித்ராவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதாள். அழுகையும் சாமியின் அறிகுறி என்று ஜன்னலோரம் யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அழுவதற்குக்கூட அவளுக்கு உரிமை இல்லாமல் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. அறைக்குப் பின்னால் ஜெனரேட்டரைப் போட்டார்கள். சுவர் அதிர்ந்தது, அண்டாக்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. சித்ரா அழுகையை நிறுத்தினாள்.

மாமனார் ஞாபகம் வந்தது. எங்கே மோட்டார் ஓடினாலும் அவர் தலையைச் சாய்த்துக் கேட்பார். ரெண்டு கிளாஸ் உள்ளே போயிருந்தால் கண்ணும் கலங்கும். "ரோதை சுத்துது" என்பார். ரோதை என்றால் சக்கரம். தேயிலைத் தொழிற்சாலையில் சுற்றுகிற பெரிய சக்கரத்துக்குக் காவல் ரோதைமுனி. அவர்தான் மூன்றாவது துணை. "ரெண்டு பேரு எங்க கூடக் கப்பல்ல ஏறிட்டாங்க. அவரு மட்டும் ரோதையை விட்டுட்டு வரமாட்டேன்னுட்டாரு. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன், வரல." சாகிற வரைக்கும் அவருக்கு அந்தக் குறை இருந்தது.

வந்து சேராத சாமிக்கு இங்கே பீடம் கிடையாது. பீடம் இல்லாத சாமிக்கு எல்லை ஏது? எல்லை இல்லாத சாமிக்குக் காப்பு ஏது? சித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவிழ்ந்து கிடந்த தலைமுடியை இன்னும் கொஞ்சம் கலைத்துவிட்டுக்கொண்டாள்.

மத்தியானம் ஈஸ்வரன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ரெக்சின் பையிலிருந்து புளிய மிளாறு நீட்டிக்கொண்டிருந்தது. சித்ராவைக் கொண்டுவந்து சன்னதி முன்னால் நிறுத்தினார்கள். தப்பு முழங்கியது. பொன்னுத்துரை சூடத்தை ஏற்றி அவள் முகத்துக்கு நேரே காட்டினார்.

"வந்திருக்கிறது யாரு? பேரைச் சொல்லு!"

"ரோதைமுனிடா!"

தப்பு நின்றுவிட்டது. ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பொன்னுத்துரை மட்டும் புருவத்தைச் சுளித்தார். "அவரு கடல் தாண்டாதவராச்சே."

"தாண்டிட்டேன்! இங்க எனக்குப் பீடம் இருக்கா? பீடமில்லாதவனுக்குக் காப்பு எதுக்குடா? அவிழ்த்து விடு!"

இதோடு முடிந்தது என்றுதான் சித்ரா நினைத்தாள். சந்திரசேகர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். "பீடந்தானே சாமி? இன்னிக்கே கட்டிருவோம். மதில் வேலைக்கு வாங்கின சிமெண்ட் மூட்டை கெடக்கு. ஏய் குணா, ஜல்தி! மண்வெட்டியை எடு!"

பாவி மனுஷன்! சித்ரா தலையை இன்னும் வேகமாக ஆட்டினாள். "ரோதை இல்லாத எடத்துல நான் உக்கார மாட்டேன்!" என்று கத்தினாள்.

"ரோதை தேயிலை மலையிலல்ல இருக்கு?" "தண்ணி மோட்டாரு ஆகுமா?" "எங்க வீட்டு கிரைண்டர் பெருசு, தூக்கியாரட்டுமா?" என்று ஆளுக்கொன்றைச் சொன்னார்கள். குணா நிஜமாகவே கிரைண்டர் எடுக்க ஓடினான். ரோதை ஹேவ்லாக்கில் சுற்றுகிறது என்ற வார்த்தை சித்ராவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் பச்சைக் குழந்தைக்குக்கூட விஷயம் புரிந்துவிடும். விழுங்கிக்கொண்டாள்.

பொன்னுத்துரை அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். "இது ரோதைமுனி மாதிரித் தெரியல" என்றார். ஈஸ்வரன் மிளாறை உருவினார். யோகராஜ் தலையைக் குனிந்துகொண்டான். கோழை! அவனைப் பார்த்தபோதுதான் சித்ராவுக்கு எல்லாம் விட்டுப்போனது. கூட்டத்தில் ஒரு முகமாவது நமக்கு இல்லையா என்று தேடினாள். தூணோரம் மாமியார் நின்றிருந்தாள்.

"அங்கம்மா!"

கூப்பிட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று சித்ராவுக்கே உறைத்தது. எந்த மருமகள் மாமியாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள்? நாக்கை அறுத்துப் போட்டுவிட மாட்டார்களா? சாமி ஒன்றுதான் அப்படிக் கூப்பிடும். ஈஸ்வரனின் கை தானாகக் கீழே இறங்கியது. சந்திரசேகர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

அங்கம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏன்ப்பா இத்தனை வருஷம் வரல? அவரு கூப்பிட்டாரே. தொண்டை கிழியக் கூப்பிட்டாரே. சாகும்போதுகூடக் கூப்பிட்டாரே."

இந்தப் பொம்பளையிடம் பொய் சொல்லச் சித்ராவுக்கு வாய் வரவில்லை. மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"கட்டிப் போட்டுட்டாங்க அங்கம்மா" என்றாள். "வரணும்னுதான் இருந்துச்சு. விட மாட்டேங்கிறாங்க."

அங்கம்மா அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி, புருஷன் செத்த பிறகு யாரும் கேட்டிராத குரலில் பேசினாள்.

"இவ வேலைக்குப் போற எடத்துல ராப்பகலா துணி தொவைக்கிற ரோதை சுத்துதாம். இவளே சொல்லியிருக்கா. சாமி அங்கதான் போகணுங்குது. இன்னமும் வெளங்கலையா ஒங்களுக்கு?"

"அம்மா, காப்புக் கட்டியாச்சு..." என்றார் சந்திரசேகர்.

"திருவிழா முடியுமுன்ன காப்பு சும்மா கீழ எறங்கக் கூடாது. அவ்வளவுதானே?" அங்கம்மா மருமகள் கையிலிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள். தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு பொன்னுத்துரையிடம் நீட்டினாள். "கட்டுங்க. நான் எங்க போகப்போறேன்?"

பொன்னுத்துரை கட்டினார். அந்த நேரம் பார்த்து குணா கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். அதை எங்கே இறக்குவது என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

மறுநாள் காலையில் யோகராஜ் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிக் கொடுத்தான்; அண்ணனிடமிருந்த அவள் போனையும் கொடுத்தான். பொண்டாட்டி முகத்தைப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று சித்ராவும் விட்டுவிட்டாள். அங்கம்மா கப்பல் ஏறுகிற ஜெட்டி வரைக்கும் வந்தாள். தண்ணீர் தெரிகிற இடம் வந்ததும் நின்றுவிட்டாள்.

"இதுக்கு மேல நான் வரக் கூடாது. காப்பு இருக்கு" என்றாள்.

"அத்தை, நேத்து நான் உங்களை..." சித்ரா மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியாம வந்துருச்சு. மன்னிச்சிருங்க."

"எனக்குத் தெரியும் தாயி. சாமி யாரு, நீ யாருன்னு எனக்குத் தெரியாதா? அத்தனை வருஷம் அந்த மனுசனோட குடித்தனம் பண்ணியிருக்கேன்." அங்கம்மா சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "ஒங்க மாமா மத்த நேரமெல்லாம் 'ஏ புள்ள'தான். சாமி வந்தாத்தான் எம் பேரு அவரு வாயில வரும். திருவிழாவுக்குத் திருவிழா அதுக்காகவே முன்னால போயி நிப்பேன். அவரு போனதுக்கப்புறம் எம் பேரைச் சொல்ல நாதியில்ல. எல்லாருக்கும் அம்மா, அத்தை, பெரியம்மா. நேத்து நீ கூப்பிட்டே. மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு."

"போன் பண்ணுறப்ப எப்பவாச்சும் கூப்பிடு" என்றாள் அங்கம்மா. "சாமி கூப்பிடுற மாதிரி கூப்பிடு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

கப்பல் சங்கு ஊதியது. சித்ரா ஓடிப்போய் ஏறினாள். காலுக்குக் கீழே இஞ்சின் அதிர ஆரம்பித்தது. மேல் தட்டுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கூட்டத்துக்குப் பின்னால், நிழலில், அங்கம்மா தனியாக நின்றிருந்தாள்.

போன் எதற்கு?

"அங்கம்மா!" என்று கத்தினாள் சித்ரா. ஜெட்டியில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். யோகராஜ் பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "ஏ அங்கம்மா!"

அங்கம்மா சிரித்தாள். மஞ்சள் கயிறு கட்டிய கையைத் தூக்கிக் காட்டினாள். கப்பல் திரும்புகிற வரைக்கும் அந்தக் கை இறங்கவில்லை.