இளவரசனின் கழுத்துச் சதை

சிட்னியின் டூங்கபியில் சிறிதரனுடைய கழுத்துச் சதையைப் போல இன்னொன்று கிடையாது. "இல்லை" என்று அவர் தலையாட்டி முடித்த பிறகும் அது மட்டும் ஒரு கிழமைக்கு "இல்லை, இல்லை" என்று ஆடிக்கொண்டிருக்கும். அறுபத்தெட்டு வயதில் அவருக்கு முதியோர் சங்க நாடகத்தில் இளவரசன் வேஷம் வாய்த்திருந்தது. இந்தத் தொங்கலோடு மேடையேறுவதா? இழுத்து வெட்டித் தைத்துவிடுவது என்று தீர்மானித்தார்.

ஒரேயொரு சிக்கல். ஐந்து மாதத்துக்கு முன்னர்தான் அவருடைய இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஊருக்குச் சொன்னதோ, கோல்ட் கோஸ்டுக்கு உல்லாசப் பயணம் என்று. விஷயம் தெரிந்தால் நாடகத்தை நடத்தும் பாலா இளவரசனைப் பறித்துக்கொண்டு கிழட்டு மந்திரியாக்கிவிடுவாரே!

மனைவி கமலினிக்கு ஒத்திகை என்று சொல்லிவிட்டு சத்திரசிகிச்சைக்குக் கிளம்பினார். வெட்டும்போது ரத்தம் ஓடக்கூடாதென்று, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் குளிசையை முதல் நாளே தானாக நிறுத்தியும் இருந்தார். தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

சிட்னியின் மறுகோடியில், தமிழ் வாடையே அடிக்காத இடமாகத் தேடிப் பிடித்த கிளினிக் அது. திரையை விலக்கிக்கொண்டு வந்த தாதியோ, டூங்கபிக்குப் பக்கத்துக் குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் தெரிந்த வீட்டுப் பிள்ளை வினுஷா.

"அங்கிள்! நீங்களோ? கோல்ட் கோஸ்ட் எப்பிடி?"

"சொர்க்கம், பிள்ளை."

"வருத்தம், மருந்து ஏதும் இருக்கோ?"

"எனக்கோ? போன கிழமையும் வோஷிங் மெஷினைத் தோளில வச்சு மாடிக்கு ஏத்தினனான்!" அவர் வீட்டில் மாடியே இல்லை.

அந்த நேரம் பார்த்து அவருடைய கைபேசி கமலினியின் குரலில் அலறியது. காலையும் மாலையும் ஒலிக்கும்படி அவள் பதிந்து வைத்த அலாரம்.

"இஞ்சருங்கோ! ஸ்டென்ட் குளிசை! போட்டனீங்களோ இல்லையோ?"

துறைமுகப் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும்.

வினுஷா சிரிக்கவில்லை. "போட்டனீங்களோ, அங்கிள்?"

"நேற்றிலயிருந்து இல்லை."

"ஸ்டென்ட் எப்ப வச்சது?"

"அந்த... கோல்ட் கோஸ்டுக்குப் போனதெண்டு சொன்னனே, அப்ப."

"ஐயோ அங்கிள்! குளிசையை நிப்பாட்டினா ஸ்டென்ட் அடைபட்டு ஹார்ட் அட்டாக் வரும். சொல்லாமல் போட்டுக்கொண்டு வந்தா, கழுத்தில ரத்தம் நிக்காது. எல்லாத்தையும் சொன்னாத்தானே நாங்கள் உங்களைக் காப்பாத்தலாம்? கழுத்து எங்கயும் ஓடிப்போகாது."

சத்திரசிகிச்சை நிபுணர் கத்தியைத் தொடவேயில்லை. இதய மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தார். அவர் சொன்னது: குளிசையை உடனே போட வேண்டும், ஈசிஜி எடுக்க வேண்டும், அழகு வேலை குறைந்தது ஒரு வருடம் போன பிறகு, தான் சரி என்று சொன்னால் மட்டும், அதுவும் பெரிய ஆஸ்பத்திரியில். அந்த மனிதர் அசைந்து கொடுக்கவில்லை.

ஈசிஜி நல்லபடியாக வந்தது. சிறிதரன் காருக்குள் இருந்து பாலாவை அழைத்தார். "எனக்கு ஸ்டென்ட் வச்சிருக்கு. கழுத்தும் அப்பிடியேதான் ஆடுது. இளவரசன் வேணுமோ, வேண்டாமோ?"

"அட, எனக்கே மூண்டு ஸ்டென்ட் கிடக்கு! வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு வாரும்."

கமலினி வீட்டில் கொடுத்த வரவேற்பை இங்கே எழுதினால் தாள் எரிந்துவிடும்.

நாடகத்தன்று மாலை இளவரசன் வாளை உருவி, எதிரிநாட்டையே நடுங்க வைத்துக்கொண்டிருந்தபோது அரைக்கச்சைக்குள்ளிருந்து அதே குரல்: "இஞ்சருங்கோ!"

இளவரசன் பதறவில்லை. வாளை உறையில் போட்டார், மந்திரியிடம் பொற்கிண்ணத்தை வாங்கினார், குளிசையை விழுங்கினார். கழுத்துச் சதை கம்பீரமாக ஒரு ஆட்டம் ஆடியது. மண்டபம் இடிந்து விழுகிறாற்போல் கைதட்டல். தட்டியவர்களில் பாதிப் பேர் அப்படியே தங்கள் சட்டைப் பையையும் தடவிப் பார்த்தார்கள்.