ஆஸ்தான வாசகரின் ராஜினாமா

இதனால் பினாங்குத் தீவு முழுவதிலும், கடலுக்கு அக்கரையில் தாசேக் கெலுகோர் தொடங்கிப் பத்து காவான் வரையிலும் வசிக்கும் தமிழ்ப் பெருமக்கள் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தோராம் ஆண்டு மார்ச் மாதம் பதினோராம் தேதி, புதன்கிழமை, காலை ஒன்பது மணியளவில், நல்லமுத்துவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

வேறு யாருடைய தொண்டையாக இருந்தாலும் ஒரு கஷாயத்தோடு விஷயம் முடிந்திருக்கும். நல்லமுத்துவுக்கு அதுதான் கடை, அதுதான் முதல், அதுதான் சரக்கு. ஒலிபெருக்கி என்ற சாதனம் இன்னும் ஊருக்குள் வராத காலம். யாருக்குச் சத்தம் வேண்டுமோ அவர்கள் நல்லமுத்துவை அமர்த்திக்கொள்வார்கள். செவ்வாயும் வெள்ளியும் பீச் தெரு ஏலக்கடையில் நின்று விலை கூவுவார். சனிக்கிழமை மாட்டுவண்டியில் ஏறிச் சூலியா தெரு நெடுக நாடகக் கம்பெனிக்காக முழங்குவார். "நான் ஒரு முதலாளிக்கும் வேலைக்காரன் இல்லை" என்பது அவருடைய பெருமை. எல்லா முதலாளிகளுக்கும் அவர்தான் கத்தினார் என்பது வேறு விஷயம்.

இப்படிச் சுதந்திரமாகத் திரிந்த மனிதர் போன அக்டோபரில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். எதிர்த்தரப்பு: ஜார்ஜ் டவுன் தமிழர் அறிவு ஐக்கிய அபிவிருத்தி முன்னேற்ற சபை. அங்கத்தினர் இருபத்து மூன்று பேர். அவர்களில் பதவி வகிப்பவர்கள் பத்தொன்பது பேர். தலைவர், வெங்காயமும் மிளகாயும் மொத்தமாக இறக்குமதி செய்யும் முனுசாமி முதலாளி. நல்லமுத்துவுக்குக் கொடுக்கப்பட்ட பட்டம் 'ஆஸ்தான வாசகர்'. வேலை என்னவென்றால், தலைவர் எங்கே எழுந்தருளினாலும் முன்னால் நின்று அவருடைய நாற்பத்து மூன்று வரிப் புகழ்ச்சியை வாசிப்பது.

தலைவரும் எழுந்தருளிக்கொண்டே இருந்தார். ஒரு முடிதிருத்தும் கடைத் திறப்பு விழாவில் வாசிப்பு முடிவதற்குள் முதல் வாடிக்கையாளர் எழுந்து வேறு கடைக்குப் போய்விட்டார். ஒரு கல்யாணத்தில் முகூர்த்தம் கடந்துபோனது, மாப்பிள்ளை தூங்கிவிட்டார். கடைசியாகத்தான் அந்தப் புதன்கிழமை வந்தது. தெற்கே போகும் கப்பலில் இந்தியாவிலிருந்து ஒரு பிரமுகர் வருவதாகக் கேள்விப்பட்டுச் சபை முழுவதும் மாலையோடு துறைமுகத்துக்குப் போனது. பிரமுகர் இறங்கவே இல்லை. அவருக்கு வாந்தி. "பரவாயில்லை, கீழேயிருந்தே வாசியும், மேலே கேட்கும்" என்றார் தலைவர். நல்லமுத்து வாசித்தார். கப்பல் சங்கு ஊதியது. சங்குக்கு விட்டுக்கொடுக்க அவருடைய மானம் இடம் கொடுக்கவில்லை. இருபத்தொன்பதாவது வரியில், "கருணைக் கடலே" என்ற இடத்தில், உள்ளே ஏதோ பழைய வேட்டி மாதிரி கிழிந்தது. கப்பல் போய்விட்டது.

டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார்.

"மூணு மாசம் வாயைத் தொறக்கக் கூடாது. பழையபடி ஒரே ஒரு தடவை கத்தினீங்களோ, அதுதான் கடைசி. அப்புறம் ஆயுசுக்கும் எண்ணெய் போடாத கதவு மாதிரிதான் சத்தம் வரும்."

நல்லமுத்து கணக்குப் போட்டுப் பார்த்தார். குரலை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஐந்தடி உயரமும் ஒரு மீசையும். மீசையை யாரும் வாடகைக்கு எடுப்பதில்லை.

மனைவி குணவதி செய்தியைத் தைரியமாக எதிர்கொண்டாள். "மூணு மாசம்தானா? ஆறு மாசமாக் கேட்டு வாங்கியிருக்கலாம்லா!" என்றவள், பெட்டியிலிருந்து ஒரு சிலேட்டை எடுத்துத் துடைத்துக் கையில் கொடுத்தாள். "என்ன வேணும்னாலும் இதுல எழுதுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது, அதனால சண்டையும் வராது."

ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம் கிடந்தது. அதைவிட ஆபத்து, ஏப்ரலில் சபையின் ஆண்டு விழா. மூன்று மணி நேர வாசிப்பு. உடல்நிலை காரணமாக இன்றே விலகிக்கொள்வதாக நல்லமுத்து ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு, சபைக் காரியதரிசி யூசுப்பின் காகிதக் கடைக்குப் போனார். யூசுப் தங்கமான மனிதர். ஒரே குறை, சபையின் விதிப் புத்தகம் அவருக்கு மனப்பாடம்.

"எழுத்து முத்து முத்தா இருக்குண்ணே" என்றார் யூசுப், கடிதத்தைப் படித்துவிட்டு. "ஆனா இது இன்னும் வந்து சேரலையே."

'உம் கையில் இருக்கிறதே?' என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார் நல்லமுத்து.

"கையில வந்திருக்கு. சபைக்கு வரலை. விதி பதினாலு. சபைக்கு வர்ற கடுதாசி எதுவானாலும் ஆஸ்தான வாசகர் எழுந்து நின்னு ஒரக்க வாசிச்சாத்தான் வந்ததாக் கணக்கு. வேற யாரு வாசிச்சாலும் செல்லாது."

'எந்த மடையன் போட்ட விதி?'

யூசுப் சங்கடத்தோடு தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நீங்கதாண்ணே. ஒப்பந்தம் போடும்போது, 'நான் இருக்கும்போது காரியதரிசி கொசு மாதிரி வாசிச்சா என் பதவிக்கு என்ன மதிப்பு'ன்னு கேட்டு, அழுத்திச் சேர்க்கச் சொன்னீங்க. கொசுன்னது என்னையத்தான். நான் மனசுல வெச்சுக்கலை."

நல்லமுத்து சிலேட்டை அழித்தார். வேறு வாசகரை நியமித்து வாசிக்கச் சொன்னால் என்ன? காலியிடம் வந்தால் நியமிக்கலாம். காலியிடம் எப்போது வரும்? ராஜினாமா வாசிக்கப்பட்டால் வரும்.

"டாக்டர் சர்டிபிகேட்டு இருக்குல்ல? அதையும் சேர்த்து வாசிச்சிருங்க. அனுதாபத் தீர்மானம் ஒண்ணு நானே எழுதி வெச்சிருக்கேன், ஒங்க குரலைப் பத்தி உருக்கமா. அதுவும் விதிப்படி நீங்கதான் வாசிக்கணும். தொண்டை சரியில்லாதவருக்கு ரொம்பச் சிரமம் கொடுக்கக் கூடாதுல்ல, எல்லாம் சேர்த்துப் பதினோரு பக்கத்துல முடிச்சிட்டேன்."

மறுநாள் காலை நல்லமுத்து நேராகத் தலைவர் வீட்டுக்கே போனார். முனுசாமி முதலாளி முன் வராந்தாவில் சாய்வு நாற்காலியில் இருந்தார். நீட்டிய சிலேட்டை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. "எழுத்து வேலையெல்லாம் நான் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. எதுவானாலும் சபையில் வாசியும். உம் குரலில் கேட்டால்தான் எனக்குத் திருப்தி."

உள்ளேயிருந்து அவருடைய மனைவி ஜெயலெட்சுமி கேட்டார்: "மத்தியானத்துக்கு மீனா, எறாவா?"

"அதைத்தான் நானும் சொல்கிறேன்" என்றார் தலைவர் கம்பீரமாக.

"ஒங்க மூக்குக்கண்ணாடிய மிதிச்சுட்டேன், ரெண்டாப் போச்சு."

"மிக்க மகிழ்ச்சி. நடக்கட்டும்."

நல்லமுத்து சிலேட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். வாய் பேசாத நாலு நாளில் அவருக்குக் காது கொஞ்சம் கூர்மையாகியிருந்தது. பிறர் பேசுவதைக் கேட்பது அவருக்குப் புது அனுபவம். வாசல்வரை வந்த ஜெயலெட்சுமி, கணவருக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "ரெண்டு வருசமா இப்படித்தான் தம்பி. ஒங்க கொரல் ஒண்ணுதான் அவரு காதுல ஏறும். மத்தவங்க எல்லாம் மீன் வாயைத் தொறக்குற மாதிரிதான் இருக்குமோ என்னமோ. சொன்னா ஒத்துக்க மாட்டாரு. சபையில யாருக்கும் தெரியாது."

தலைவர் இருவரையும் பார்த்து ஆமோதிப்பாகத் தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நல்லமுத்துவுக்கு நெஞ்சு கொஞ்சம் எரிந்தது. தமிழ் உச்சரிப்புக்காகத்தான் தன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஐந்து மாதமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வழி நெடுக அந்த எரிச்சலோடு வந்தவர், வீட்டுப் படியில் கால் வைத்தபோது திடீரென்று சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு. குணவதி பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குக் கூட்டம். மசாலாக் கிடங்குக்கு மேல்மாடி. தும்மாமல் பேசத் தெரிந்தவர்கள்தான் அங்கே பேச்சாளர் ஆக முடியும். இருபத்து மூன்று பேரும் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள்.

"அதிமதுரத்தைக் கடிங்க."

"பனங்கற்கண்டுதான். என் மச்சானுக்குச் செத்த கொரலே திரும்பி வந்துச்சு."

"நாலு மிளகைக் கடிச்சிட்டு ஒரே மூச்சாக் கத்துங்கண்ணே" என்றார் முதல் வரிசையில் இருந்த ஜவுளிக்கடை அப்துல் அஜீஸ். "அடைப்பு வெடிச்சுத் தொறந்துக்கும். என்ன, பதினோரு பக்கம்தானே! வாசிச்சுட்டா ஒங்களை விட்டுர்றோம்லா!"

நல்லமுத்து எழுந்து நின்றார். காகிதத்தைப் பிடித்ததும் பழக்க தோஷத்தில் மார்பு தானாக விரிந்தது. முன்னால் இருபத்து மூன்று முகங்கள். கூட்டத்தைப் பார்த்தால் கத்தாமல் இருந்து அவருக்குப் பழக்கமில்லை. மூச்சு தொண்டை வரை ஏறிவிட்டது. ஒரு கத்தல். ஒரே ஒரு கத்தலில் இந்த இடமே அதிரும். டாக்டருக்கு என்ன தெரியும்?

மூச்சை மெதுவாக வெளியே விட்டார். பிறகு வாயை அகலத் திறந்து, உதட்டை மட்டும் அசைத்து, வாசிக்க ஆரம்பித்தார்.

வலது கையை வீசினார். புருவத்தை ஏற்றினார். உருக்கமான இடத்தில் கையை நெஞ்சில் வைத்தார். கீழே தெருவில் மீ என்ற சீனச் சேமியா விற்கிறவன் மூங்கிலைத் தட்டிக்கொண்டு போகும் சத்தம் தெளிவாகக் கேட்டது. இரண்டாம் பக்கம் திரும்பும்போது அப்துல் அஜீஸ், "சத்தமே வரலையே" என்று தொடங்கித் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்.

தலைவர் முகத்தில் ஒரு கணம் பயம் தெரிந்தது. உலகத்தில் அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே சத்தமும் நின்றுவிட்ட பயம். நல்லமுத்துவுக்கே பாவமாக இருந்தது. மறுகணம் முனுசாமி முதலாளி தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு, கண்ணை மூடி, தாளம் தப்பாமல் தலையாட்டத் தொடங்கினார். "பேஷ்!" என்றார். நாலாம் பக்கத்தில், "ஆகா!"

பதினோரு பக்கமும் முடிந்தது. தலைவர் எழுந்தார்.

"எழுத்துக்கு எழுத்து மணி மணியாக விழுந்தது. கேட்காதவர் யாராவது இங்கே உண்டா?"

யாரும் இல்லை. தலைவருக்குக் கேட்டது தனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல எவன் துணிவான்? "எனக்குப் பின்வரிசை வரைக்கும் கேட்டுச்சு" என்றார் ஒருவர். அப்துல் அஜீஸ், மூன்றாம் பக்கத்தில் தமக்குக் கண் கலங்கிவிட்டது என்றார்.

யூசுப் எழுந்து முறைப்படி கேட்டார்: "அப்ப ராஜினாமாவை ஏத்துக்கலாங்களா தலைவரே?"

"மகிழ்ச்சியுடன்!" என்றார் தலைவர், எதற்கு என்று தெரியாமலே. "மறுபேச்சுக்கே இடமில்லை!"

எல்லாரும் கை தட்டினார்கள். 'வாசகர் தமது வழக்கமான சிம்மக் குரலில் வாசித்தார்' என்று யூசுப் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அடுத்தபடியாகத் தலைவர், ஆண்டு விழாவில் நம் நல்லமுத்து மூன்று மணி நேரம் வாசிக்கப்போகிறார் என்று அறிவித்தார். அவர் ராஜினாமா செய்துவிட்டாரே என்று யாரோ எடுத்துச் சொன்னார்கள். தலைவர் அவருக்கு நன்றி தெரிவித்து உட்கார்ந்தார். நல்லமுத்து அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தார்.

டாக்டர் சொன்னபடியே ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் மூன்று மாதம் இருந்தார். தேன் குடித்தார், ஆவி பிடித்தார், குணவதி சொன்னதையெல்லாம் கேட்டார். ஜூன் மாதம் இரண்டாவது வாரம் குரல் திரும்பியது; ஒரு கீறல் இல்லை, முன்னைவிடக் கணீரென்று இருந்தது. வெள்ளிக்கிழமை காலை மீசையை முறுக்கிக்கொண்டு பீச் தெரு ஏலக்கடைக்குப் போனார்.

அங்கே அவர் நின்று கூவும் இடத்தில் ஒரு வெண்கல மணி வாங்கிக் கட்டியிருந்தார்கள்.