வியாழனில் நிற்கிறவர்

முதலில் வந்து சேர்ந்தது மனித உடல். காலை எட்டரை மணிக்கு, தையல்கார அக்காவின் தோளில் ஒரு பையும் கையில் ஒரு பையுமாக, இருபத்து மூன்று புத்தகங்கள். நூலக வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த மியூட் மிஸ் எழுந்து வாங்கிக்கொண்டாள்.

"எண்ணிக்கோ கண்ணு. எலும்பு, நரம்பு, ஈரல் எல்லாம் சரியா இருக்கா பாத்துக்கோ," என்றார் அக்கா. "இத்தனை வருஷமா மனுஷனுக்கு வெளியதான் அளவெடுத்தேன். உள்ள இவ்வளவு வேலைப்பாடு இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலையே!"

மியூட் மிஸ் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். அவள் பேசினால் எதிரில் இருப்பவர் சற்றுக் குனிய வேண்டியிருக்கும். இயற்பியல் படித்துவிட்டு இந்தப் பள்ளிக்கு நூலகராக வந்தபோது, நூலக அறை பூட்டியே கிடந்தது. பிள்ளைகள் கை பட்டால் அழுக்காகிவிடும் என்று பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியர், சாவியைத் தம் மேசை டிராயரில் வைத்திருந்தார். புத்தகங்கள் பத்திரமாகத்தான் இருந்தன. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிய மறுக்கும் அளவுக்குப் பத்திரம். சாவியை அவள் கேட்டு வாங்கினாள் என்று சொல்ல முடியாது. தினமும் காலையில் போய் அந்த மேசை முன்னால் நின்றாள். மூன்று மாதம் நின்றாள். கடைசியில் பெரிய டீச்சரே சலித்துப்போய், "இந்தாம்மா, நீ நிக்கறத பாத்தா எனக்குக் கால் வலிக்குது," என்று எடுத்துக் கொடுத்தார்.

பெரிய டீச்சர் கண் அறுவை சிகிச்சைக்காக விடுப்பில் போன வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நூலகக் கூரை முதலில் சொட்டியது, பிறகு ஒழுகியது. மற்ற அறைகளும் அதைவிட மேல் என்று சொல்வதற்கில்லை. யோசிக்க நேரமில்லாமல், ஒவ்வொரு அடுக்காக மழைக்கோட்டில் சுற்றிக்கொண்டு பள்ளிக்கு எதிர்த் தெருவில் இறங்கினாள். வாய் திறந்து கேட்க வராது என்று அவளுக்குத் தெரியும். அதனால் இறங்குவதற்கு முன் அவசரமாகத் துண்டுச் சீட்டுகள் எழுதிக்கொண்டாள்: "கூரை சரியாகும்வரை காப்பாற்றித் தரவும். பிள்ளைகள் கேட்டு வந்தால் கொடுத்து வாங்கவும்." கதவைத் தட்டுவாள், சீட்டை நீட்டுவாள், புத்தகங்களை நீட்டுவாள். பதினான்கு கதவுகள், முந்நூற்று ஆறு புத்தகங்கள். யாருக்கு எது பொருந்தும் என்றெல்லாம் பார்க்கவில்லை.

கூரை சரியாக இரண்டரை மாதம் ஆனது. அதற்குள் தெருவில் ஆட்களின் பெயர்கள் மாறிப்போயின. எரிமலை வேண்டுமென்றால் பேக்கரிக்குப் போக வேண்டும் என்பது பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. பஞ்சர் கடைக்காரர் வரலாறு ஆனார். சலூன்காரர் விலங்குகள் ஆனார். அதற்காக அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை. "என் கடைக்கு வர்றவங்களுக்கு ஏத்ததாத்தான் குடுத்திருக்காங்க," என்றார். தெருக்கோடி இஸ்திரிக்காரருக்கு வாய்த்தது விண்வெளி.

மற்றவர்கள் புத்தகத்தை அலமாரியில் வைத்தார்கள். அவர் இஸ்திரி மேசையிலேயே, தண்ணீர் தெளிக்கும் குப்பிக்குப் பக்கத்தில் விரித்து நிறுத்தினார். ஒரு சட்டைக்கு ஒரு பக்கம் என்பது அவர் கணக்கு. முழுக்கைச் சட்டை என்றால் ஒன்றரை. ஒரு நாள் மத்தியானம் பாதி தேய்த்த சட்டையும் கையுமாகப் பள்ளிக்கே ஓடி வந்துவிட்டார்.

"மிஸ், புக்குல ஒம்போது கிரகம் போட்டிருக்கு. ஆறாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு, எட்டுதான்னு சண்டைக்கு வருது. மீதி ஒண்ண யாரு தூக்குனது?"

புத்தகம் பழையது என்று ஆரம்பித்தாள். பிறகு நிறுத்தத் தெரியவில்லை. தாழ்வாரத் தரையில் சாக்பீஸால் சுற்றுப்பாதைகளை வரைந்து, அந்தக் கடைசிக் கிரகம் ஏன் பட்டியலிலிருந்து இறக்கப்பட்டது என்று அரை மணி நேரம் சொன்னாள். அவள் குரல் தாழ்வாரத்தின் மறுகோடி வரை கேட்ட நாள் அதுதான். எல்லாம் கேட்டுவிட்டு அவர் மெதுவாக, "பாவம். அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்களா?" என்றார்.

பெரிய டீச்சர் திரும்பி வந்தது இந்த வாரம்தான். விஷயம் தெரிந்ததும் அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "யாரக் கேட்டு தெருவுல குடுத்த? வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நானே வந்து எண்ணுவேன். ஒண்ணே ஒண்ணு குறைஞ்சாலும் சாவி என் டிராயருக்கு வந்துடும். பூட்டிடலாம். புக்காவது மிஞ்சும்."

அந்த வெள்ளிதான் இன்று. மனித உடலுக்குப் பின்னால் எரிமலைகள் லேசான வெண்ணெய் வாசனையோடு வந்தன. விலங்குகள் வந்தன. வரலாறு வந்தபோது பஞ்சர் கடைக்காரர் அவள் காதருகே குனிந்து, "ஒரு யுத்தம் கிழிஞ்சிருந்துச்சு மிஸ். நம்ம பேட்ச் போட்டு ஒட்டியிருக்கேன், அசையாது," என்றார். பிறகு, "நானும் எல்லா ராஜாவையும் பாத்துட்டேன். பூரா பேருக்கும் ஒருநாள் காத்து இறங்கிடுது," என்று சேர்த்துக்கொண்டார். கொண்டு வந்தவர்கள் யாரும் உடனே கிளம்பவில்லை. பள்ளிக்குள் வர ஒரு சாக்குக் கிடைத்ததே என்பதுபோல அங்கங்கே நின்று, அடுத்தவர் அடுக்கை எட்டிப் பார்த்தார்கள்.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் இருநூற்று எண்பத்தேழு. விண்வெளி வரவில்லை.

போய்க் கேட்கலாம். போய் நின்றால்கூடப் போதும். ஆனால் மேசையை விட்டு எழுந்தபோதே பெரிய டீச்சர் உள்ளே வந்துவிட்டார். அலமாரி அலமாரியாக விரலால் தொட்டு எண்ணினார். முடிந்ததும், மேசை மேல் கிடந்த சாவியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"பத்தொம்பது குறையுது. சாவி."

அப்போது இஸ்திரிக்காரர் வாசலில் நின்றார். இரண்டு கைகளும் காலி. அவர் தமக்கென்று ஒரு சட்டையைத் தேய்த்துப் போட்டு யாரும் பார்த்ததில்லை. இன்று காலர் கத்திபோல நின்றது.

"எங்க புக்கு?" என்றார் பெரிய டீச்சர்.

"பத்திரமா இருக்குங்க. கொண்டு வரத்தான் மூட்ட கட்டுனேன். கட்டிட்டு, மறுபடி அவுத்துட்டேன்." அவர் மியூட் மிஸ்ஸைப் பார்த்துச் சொன்னார். "முன்னெல்லாம் துணிய வெச்சிட்டுப் போயிடுவாங்க மிஸ். இப்ப துணி இல்லாமலே வர்றாங்க. வந்து நிலாவ பத்திக் கேக்கறாங்க. பாதியில எப்படிக் குடுக்கறது? நான் வியாழன்ல நிக்கறேன்."

"வியாழக்கிழமை வரைக்கும் டைம் எல்லாம் குடுக்க முடியாது. இன்னைக்கு வெள்ளி," என்றார் பெரிய டீச்சர்.

"வெள்ளிய போன மாசமே தாண்டிட்டேங்க."

ஒரு நிமிடம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு சன்னலோரம் நின்ற தையல்கார அக்காதான் முதலில் சிரித்தார். அது சலூன்காரருக்குத் தொற்றி, பஞ்சர் கடைக்காரருக்குப் போய், அறை முழுக்கச் சுற்றியது. பெரிய டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. உதடு நேராக நிற்க மறுத்ததை மறைக்க ஒரு வேலை தேவைப்பட்டது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவள் பேசினாள். இந்த முறை யாரும் குனிய வேண்டியிருக்கவில்லை.

"குறையல மேடம். வெளிய போயிருக்கு."

"என்ன?"

"குறையறது வேற, வெளிய போறது வேற. அதுக்குத்தானே மேடம் லைப்ரரி?" இரவல் நோட்டைத் திறந்து, பெயர்க் கட்டத்தில் இஸ்திரிக்காரரின் பெயரை எழுதினாள். பத்தொன்பது புத்தகங்களையும் எழுதினாள். தவணை, இரண்டு வாரம்.

பெரிய டீச்சர் குனிந்து பார்த்தார். "வகுப்புன்னு ஒரு கட்டம் இருக்கே. இவரு எந்த வகுப்பு?"

அவள் யோசித்தாள். "இஸ்திரி" என்று எழுதினாள்.

"அப்படின்னா சலூன்னும் ஒரு வகுப்பு போடுங்க மிஸ்," என்றார் சலூன்காரர். "மிருகமெல்லாம் முடிச்சாச்சு. இந்த ராஜாக்கள ஒரு கை பாக்கறேன்."

"அந்த நீலப் புக்கு என்னது? எரிமலையா? நான் எடுத்துக்கறேன்," என்றார் பஞ்சர் கடைக்காரர். "உள்ள பிரஷர் ஏறுறது நமக்குத் தெரிஞ்ச சமாச்சாரம்தான்."

"ஒரு நிமிஷம்! யாரும் எதையும் தொடாதீங்க. நான் முதல்ல இன்னொரு தடவை சரியா எண்ணி முடிச்சிக்கறேன்," என்று பெரிய டீச்சர் நடு அலமாரிக்குப் போனார். அதற்கு முதுகுப் பலகை கிடையாது. இரண்டு பக்கமும் எடுக்கலாம். விரலை முதல் புத்தகத்தில் வைத்தார். நோட்டில் பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நாற்பது, நாற்பத்தொன்று. சாவி இன்னும் மேசை மேல் இருந்தது. அறுபத்து மூன்று. அறுபத்து நான்கில் விரல் பட்டதும் புத்தகம் லேசாக அசைந்தது. மறுபக்கமாக, மெல்ல மெல்ல, விரலை விட்டு விலகிப் போனது. அது இருந்த இடைவெளியில் தையல்கார அக்காவின் முகம் முளைத்தது.

"இது என்ன புக்கு டீச்சர், நல்லா இருக்குமா?"

பெரிய டீச்சரின் விரல் காற்றில் அப்படியே நின்றது.