பத்து எண்ணும் திரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில் போய்க் கை வைத்தவன் நான்தான். வைக்காதே என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்களுக்கான பயிற்சி நிலையத்தில் சிமுலேட்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இரண்டாம் மாடியில், ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிய ஓர் அறை. நடுவில், நிஜக் கிரேனிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த இருக்கை. முன்னால் மூன்று பெரிய திரைகள், காலடியில் இன்னொன்று. உட்கார்ந்து பார்த்தால் நாற்பது மீட்டர் கீழே கப்பலும் கன்டெய்னர்களும் தெரியும். அதையெல்லாம் வரைந்து காட்டுவது, இருக்கைக்கு அடியில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கும் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரும் அதற்குள் செங்கல் பருமனில் உட்கார்ந்திருக்கும் கிராபிக்ஸ் கார்டும்.

அன்றைக்கு மறுதேர்வுக்கு வந்திருந்தவன் என் மச்சான், மனைவியின் ஒரே தம்பி. ஒன்பது மாதத்துக்கு முன்னால், காற்றடித்த ஒரு நாளில், அவன் தூக்கிய கன்டெய்னர் ஆடிப்போய்க் கப்பலின் ஓரத்தில் மோதி விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அதோடு கிரேனுக்கு மின்சாரமும் போய், அவன் மேலே கேபினில் முக்கால் மணி நேரம் காற்றில் ஆடிக்கொண்டு கிடந்தான். அன்று இறங்கியவனை அதற்குப் பிறகு ஏற்றவில்லை.

விதி இதுதான். மறுதேர்வில் தேறினால் பழைய இருக்கை. தவறினால் வேலையே போய்விடும். நிலையத்தின் கோளாறால் தேர்வு நடக்காமல் போனால் வேலை போகாது, கீழே தரையில் லாரி எண் சரிபார்க்க விடுவார்கள், இருக்கை வேறொருவனுக்குப் போய்விடும். தேர்வு அதிகாரி வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். அவரும் வந்த கையோடு, நாலு மணிக்குக் கிளம்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

என் மனைவி இந்தத் தேதியை ஒன்பது மாதமாக வாயிலேயே வைத்திருந்தாள். தம்பி மறுபடி மேலே ஏறப்போகிறான் என்று சொந்தக்காரர்களில் ஒருவர் விடாமல் சொல்லி முடித்திருந்தாள். காலையில் செருப்பு மாட்டும்போது என்னிடம், "எல்லாம் உங்க கையிலதாங்க இருக்கு" என்றாள். சும்மா வாய்வார்த்தைக்குச் சொன்னது. ஆனால் முந்தின நாள் சாயங்காலம் நான் செய்துவிட்டு வந்த காரியம் அவளுக்குத் தெரியாது.

மச்சான் தேர்வில் உட்காரும்போது படம் துளிகூடத் திக்கக் கூடாது என்று எனக்கு ஆசை. கம்ப்யூட்டரின் போர்டில் தீர்ந்துபோயிருந்த வட்ட பேட்டரியை மாற்றினேன். அப்படி மாற்றினால் பழைய செட்டிங் எல்லாம் அழிந்து தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். மின்சாரம் வந்ததும் தானாக எழுந்துகொள் என்ற ஒன்றை மட்டும் ஞாபகமாகத் திருப்பி வைத்தேன், ஏனென்றால் அதன் பவர் பொத்தான் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. பிறகு கார்டை இயக்கும் மென்பொருள் இருக்கிறதே, டிரைவர், அதையும் புதிதாக ஏற்றினேன். முடிந்தது என்று வந்தது. நம்பி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

காலையில் நடுத்திரை மட்டும் எரிந்தது. அதிலும் எழுத்தெல்லாம் தடித்தடியாக. சிமுலேட்டரைத் திறந்தால், கிராபிக்ஸ் கார்டு கிடைக்கவில்லை என்று ஒரு வரி.

"என்ன மாமா ஆச்சு?" என்றான் மச்சான். ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வந்ததிலிருந்து சிமுலேட்டர் இருக்கையின் பக்கம் போகவில்லை. மாடி ஏறும்போதுகூடக் கைப்பிடியை விட்டுச் சுவரை ஒட்டியே வந்தான். தேர்வுப் படபடப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒண்ணுமில்ல மாப்ள. பத்து நிமிஷம்."

அந்தப் பத்து நிமிஷம் மத்தியானம் வரை நீண்டது. டிரைவரை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன். ஏற்றும்போது நடுவில் நாலு பத்தி ஆங்கிலம் வந்து, ஒரு பாஸ்வேர்டு கேட்டது. அதை யார் படிக்கிறது? வாயில் வந்த ஒன்றைக் கொடுத்துவிட்டு ஓகே அடித்தேன். அடுத்து கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்து எழுப்ப வேண்டும். ரீஸ்டார்ட் கொடுத்தால் இந்தச் சனியன் பாதியில் தொங்கிவிடும். மின்சாரத்தை முழுசாக அறுத்துத் திரும்பக் கொடுத்தால்தான் எழும். சுவிட்ச் போர்டு இருப்பதோ வராந்தாவின் மறுகோடியில், படிக்கட்டுப் பக்கம்.

"நான் போய் சுவிட்சைப் போட்டுட்டு வரேன். நீ திரையைப் பாத்துக்கிட்டே இரு. ஏதாவது வித்தியாசமா வந்தா சொல்லு."

போட்டுவிட்டு வந்தேன். அதே தடித்த எழுத்து.

"ஏதாவது வந்துச்சா?"

"இல்ல மாமா."

பழைய டிரைவரைத் தேடிப் பிடித்து ஏற்றினேன். அதுவும் பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். வராந்தாவுக்குப் போனேன், வந்தேன். இல்ல மாமா. கார்டையே கழற்றி, தூசி தட்டி, திரும்பச் செருகினேன். மூன்றாவது தடவையும் ஏற்றினேன். இல்ல மாமா. போகும்போதும் வரும்போதும் மேலாளர் அறையின் கதவு வழியாக அதிகாரி தெரிந்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்கிலிருந்து காபியை ஊற்றிக் குடித்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேலாளர் என்னைப் பார்த்த பார்வையில் சூடு இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இரண்டரைக்கு மனைவி போன் செய்தாள்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் ஆரம்பிக்கல. மெஷின் கொஞ்சம் மக்கர் பண்ணுது."

"அவன்கிட்ட சொல்லுங்க, அக்கா காலையிலேர்ந்து பச்சைத்தண்ணி குடிக்கலன்னு" என்றாள். நான் சொல்லவில்லை. ஏற்கெனவே அவன் முகம் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. என்னால்தான், என் வேண்டாத வேலையால்தான் இந்தப் பிள்ளையின் இருக்கை போகப்போகிறது என்று நினைக்க நினைக்க, சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். நாற்பத்தாறு வயதில் ஒரு டிரைவருக்காக அழுத ஆள் நானாகத்தான் இருப்பேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு அங்கேயே நின்று, போனில் தேடினேன். என்னைப் போலவே மாட்டிக்கொண்ட எவனோ ஒருவன் எழுதியிருந்தான். கம்ப்யூட்டர் போர்டில் ஒரு பாதுகாப்பு உண்டு. அது ஆனில் இருந்தால், முன்பின் தெரியாத டிரைவரை உள்ளே விடாது. டிரைவர் ஏற்றும்போது கேட்கும் பாஸ்வேர்டு அதற்குத்தான். அடுத்த தடவை எழும்போது நீலமாக ஒரு திரை வந்து பத்து எண்ணும். அதற்குள் மனிதன் ஒருவன் எதிரில் இருந்து ஏதாவது ஒரு கீயைத் தட்டி, அந்தப் பாஸ்வேர்டைச் சொல்லி, இந்த டிரைவர் நம்ம ஆள்தான் என்று உறுதி சொல்ல வேண்டும். யாரும் தட்டாவிட்டால் எண்ணி முடித்துவிட்டுத் தன்பாட்டுக்குப் போய்விடும். மறுபடி டிரைவரை முதலிலிருந்து ஏற்ற வேண்டியதுதான்.

பேட்டரி. பேட்டரியை மாற்றியபோது அந்தப் பாதுகாப்பு தானாக ஆன் ஆகியிருக்கிறது. என் மடத்தனம் முழுசும் ஒரு பக்கத்தில் எழுதியிருந்தது.

அறைக்கு ஓடினேன். "மாப்ள, நீலமா ஒரு திரை வந்துச்சா, நான் சுவிட்ச் போடப் போனப்ப?"

"கவனிக்கல மாமா."

"போகட்டும், இப்ப கவனி. நீலமா வரும். பத்துலேர்ந்து எண்ணும். ஏதாவது ஒரு கீயைத் தட்டு, போதும். அப்படியே நின்னுடும். மிச்சத்தை நான் வந்து பாத்துக்கறேன்."

நாலாவது தடவையாக ஏற்றினேன். பாஸ்வேர்டை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். மணி மூன்றேகால். சுவிட்சை இறக்கி, முப்பது எண்ணி, ஏற்றிவிட்டு, இந்தத் தடவை ஓட்டமாக ஓடி வந்தேன். கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி உண்டு. அதன் வழியே, இருட்டு அறைக்குள் அவன் முகத்தில் நீல வெளிச்சம் விழுவது தெரிந்தது.

கைப்பிடியில் கை வைத்தவன் நின்றுவிட்டேன். திரையில் எட்டு. கீபோர்டு அவன் மடிக்கு ஒரு சாண் தள்ளி மேஜையில் இருந்தது. அவன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான். ஐந்து. கண் கொட்டாமல் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு. ஒன்று. திரை கறுத்து, பிறகு தடித்த எழுத்து வந்தது. அவன் மூச்சு விட்டது தோளில் தெரிந்தது.

உள்ளே போனேன். "வந்துச்சா?"

"இல்ல மாமா."

எனக்குச் சட்டென்று கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும். அன்றைக்கு வந்த கோபத்தில் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். "காலையிலேர்ந்து நான் பைத்தியக்காரனாட்டம் இங்கயும் அங்கயும் ஓடறேன். உங்க அக்கா பட்டினி கிடக்கறா. நீ உக்காந்து வேடிக்கை பாக்கறியா? எத்தனை தடவடா வந்துது?"

"நாலு தடவையும்."

சட்டையை விட்டேன். அவன் உட்காரவில்லை, சுவரில் சாய்ந்துகொண்டான். "என்னால முடியாது மாமா" என்றான். "மேல ஏணி கிட்டப் போனாலே கை வேர்த்து வழுக்குது. வீட்டு மொட்டை மாடிக்குப் போயி ஒன்பது மாசம் ஆச்சு. அன்னைக்கு மேல ஆடினது இன்னும் நிக்கல. படுத்தா கட்டில் ஆடுது."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா."

"பயமா இருக்குன்னு சொன்னா தகுதி இல்லன்னு எழுதி அனுப்பிடுவாங்க. இதுல உக்காந்தா நான் ஃபெயில் ஆயிடுவேன், எனக்கே தெரியும், அப்பவும் வேலை போயிடும். அக்காகிட்ட எப்படிச் சொல்றது? அவ ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கா." திரையைக் காட்டி, "நீலமா வந்து எண்ண ஆரம்பிச்சதும் இது போய்த் தொலையாதான்னு இருந்துச்சு மாமா. போயிடுச்சு. நான் ஒண்ணும் பண்ணல, சும்மா இருந்தேன்" என்றான்.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஐந்தாவது தடவையாக டிரைவரை ஏற்றினேன். ஏற்றிக்கொண்டிருக்கும்போதே என் தலைக்குள் மனைவியின் குரலும் மேலாளரின் பார்வையும் மாறி மாறி வந்துபோயின. எட்டு வருஷத்தில் ஒரு தேர்வுகூட என்னால் நின்றதில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு. மணி மூன்று நாற்பது.

"நீ போய் சுவிட்சைப் போட்டுட்டு வா" என்றேன்.

போனான். அவன் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்காருவதற்கும் திரை நீலமாவதற்கும் சரியாக இருந்தது. ஆங்கிலத்தில் இரண்டு வரி, கீழே எண். பத்து. ஒன்பது. உள்ளங்கையில் பாஸ்வேர்டு வேர்வையில் கலங்கியிருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது.

ஏழில் அவன் கை கீபோர்டை நோக்கி வந்தது. நான் எதிர்பார்க்கவில்லை. "அக்கா பாவம் மாமா" என்றான். விரல் எந்தக் கீயின் மேல் விழும் என்று அவனுக்கே தெரியாது. ஆறு. ஐந்து.

நான் கீபோர்டை இழுத்து என் மடியில் கவிழ்த்துக்கொண்டேன்.

இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அது எண்ணி முடிப்பதைப் பார்த்தோம்.

மேலாளர் அறைக்குப் போய், "சரியாகல மேடம். நேத்து நான்தான் தேவையில்லாம டிரைவரை மாத்தினேன். தப்பு என்மேலதான்" என்றேன். அதிகாரி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நிலையத்தின் கோளாறு, தேர்வு நடைபெறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலாளர் என்னிடம் சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

படிக்கட்டில் இறங்கும்போது போன் அடித்தது. மச்சான் எனக்கு இரண்டு படி கீழே, சுவரை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தான். நின்றான்.

"என்னங்க ஆச்சு?"

"தேர்வு நடக்கல. மெஷினை என்னால சரி பண்ண முடியல. அவனுக்கு இனிமே தரையிலதான் வேலை."

கேட்கக்கூடாத பேச்சையெல்லாம் கேட்டேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, என் தம்பிக்காக ஒரே ஒரு காரியம், அதையும் பாழாக்கிவிட்டீர்களே என்று அழுதாள். அவள் சொன்னதில் பாதி நியாயம். கடைசியாகக் கேட்டாள், "அவன் என்ன பண்றான்? இடிஞ்சு போயிருப்பானே?"

கீழே பார்த்தேன். படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்து, காலையில் நான் வாங்கிக் கொடுத்துத் தொடாமல் வைத்திருந்த ரொட்டியைப் பிரித்துப் பெரிது பெரிதாகப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

"சாப்பிடறான்" என்றேன்.