அரைக்கால் துகள்

“பூஜ்யம்னு எழுதிக் கையெழுத்துப் போடு” என்று கோமதிநாயகம் சொன்னதும் லீலாபாயின் காதுமடல் சுட்டது.

அது 1954. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ரேடியம் வைக்க அறை கட்டவிருந்தார்கள். சுவர் எத்தனை அங்குலம் வேண்டும் என்ற கணக்கு அவர்கள் இருவரும் வேலைபார்த்த ஆராய்ச்சி ஆபீசுக்கு வந்தது. கோமதிநாயகம் அதிகாரி, கணக்குப் போடுகிறவள் லீலாபாய். ரேடியத்திலிருந்து ஒரு துகள் கிளம்புவதாக வைத்துக்கொள்வாள். அது எவ்வளவு தூரம் போகும், எங்கே திரும்பும், எங்கே மடியும் என்பதைக் குருட்டாம்போக்கில் எண்கள் அச்சிட்ட அட்டவணையின் அடுத்த எண் சொல்லும். கைப்பிடி வைத்த கணக்கு மெஷினைச் சுற்றிச் சுற்றி நான்கு மாதத்தில் இரண்டாயிரம் துகள்களை நடத்திப் பார்த்தாள். ஒன்றுகூடச் சுவரைத் தாண்டவில்லை.

“ரெண்டாயிரத்துல ஒண்ணும் வரல்லன்னா, வரவே வராதுன்னு அர்த்தமில்ல சார். அங்க நொடிக்குக் கோடிக்கணக்குல கிளம்புதே!”

“பின்னே? கோடி துகளையும் நீ சுத்தி எடுக்கப் போறியா?”

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் இடத்தைப் பார்த்தாள். சுவர் எழும்பப்போகும் இடத்துக்கு மறுபக்கத்து அறையில் எலிசாள் என்ற ஆயா, நிறைமாத வயிற்றோடு துணி மடித்துக்கொண்டிருந்தாள். “இதாக்கும் எங்க முறி அக்கா. பகல் முழுக்க இங்கதான்” என்றாள்.

லீலாபாய்க்கு ஆத்திரத்தில் வழி பிறந்தது. பழைய தாள்களையே எடுத்தாள். சுவரில் கால்பங்கு கடந்த துகளை இரண்டு அரையாகப் பிளந்து தனித்தனியே நடத்தினாள். பாதிச் சுவர் கடந்தவற்றை மறுபடி பிளந்து காலாக்கினாள்; முக்கால் கடந்தவற்றை எட்டில் ஒரு பங்கான அரைக்காலாக்கினாள். பதினான்கு அரைக்கால் வெளியே வந்தன. ஆக, இரண்டாயிரத்துக்கு ஒன்றே முக்கால் துகள் சுவரைத் தாண்டுகிறது.

கோமதிநாயகம் சிரித்தார். “அரைக்கால் துகளா! சாலை பஜாரு கடையில போய்க் கேளு, படியில அளந்து தருவான்.”

அவள் கையெழுத்துப் போடவில்லை. தாள்களைச் சுருட்டிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரிடம் போனாள். அவர் ஒரு மணி நேரம் படித்தார், இரண்டு கேள்வி கேட்டார். சுவர் ஓரடி கூடுதல் தடிமனாக எழும்பியது.

இரண்டு மாதம் கழித்து அறிக்கை அச்சாகி வந்தது. ‘நான் வகுத்த புதிய முறை’ என்று கோமதிநாயகம் எழுதியிருந்தார். அவள் பெயர் எங்குமில்லை.

“பேருல என்ன இருக்கு? சுவரு தடிச்சாச்சுல்லா?”

“நீங்க பூஜ்யம்னு சொன்ன சுவரு சார் அது! பேரு வாற வரைக்கும் மெஷினைத் தொட மாட்டேன்.”

அந்த வாரமே டாக்டர் எக்ஸ்ரே அறைக்கும் கணக்குக் கேட்டார். பிளந்த துகளை மறுபடி எப்படிக் கூட்டுவது என்று கோமதிநாயகத்துக்குத் தெரியவில்லை. ஒன்பது நாள் மெஷின் மூடியே கிடந்தது. பத்தாம் நாள் அறிக்கையில் ஒரு திருத்தச்சீட்டு ஒட்டி அவளிடம் அனுப்பினார்: ‘இம்முறையை வகுத்தவர் லீலாவதி.’

லீலாபாய் அதைக் கிழித்து அவர் மேஜைமேல் வைத்தாள்.

“லீலாபாய். திரும்ப அச்சடியுங்க சார்.”

அச்சடித்தார்கள்.